பாலைவன வீதியில் பார்த்த பெயர்ப்பலகைகள்: ஒரு ஊர்ப்பெயரை எப்படிப் படிப்பது?

கட்டாரில் லொறி ஓடிய காலத்தில் தோஹாவிலிருந்து மேற்கே துக்கான் போகிற வீதியில் கிழமைக்கு மூன்று நாலு தரம் போய்வருவேன். ஷஹானியாவில் இருக்கிற ஒட்டகப் பந்தயத் திடலைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கல்லும் மணலும்தான், கண்ணுக்கு வேலையே இல்லை, அதனால் பெயர்ப்பலகைகளைப் படிக்கிற பழக்கம் தானாக வந்தது. அரபி எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகினேன், பிறகு சொல்லுக்குச் சொல் கருத்துக் கேட்கத் தொடங்கினேன். துக்கான் என்றால் புகையாம். புகை என்று ஒரு ஊருக்குப் பெயரா? அதற்குத் தெற்கே நான் சீமெந்து ஏற்றப் போகும் இடத்தின் பெயர் உம் பாப். உம் என்றால் தாய், பாப் என்றால் வாசல். வாசலின் தாய்! சவூதி எல்லைக்குப் போகும் சல்வா வீதியின் முடிவில் அபூ சம்ரா. அபூ என்றால் தந்தை, சம்ரா என்பது அங்கே வளரும் ஒரு முள் மரம், நம் வேல மரத்தின் இனம். மரத்துக்கு யார் தந்தை?

எங்களோடு வேலை செய்த ஒரு சூடான்காரரிடம், உம் பாப் கடையில் கரக் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டேன். அவர் பேப்பர் கோப்பையை லொறியின் பம்பரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சதீக் (நண்பா), தாய் தகப்பன் என்று நினைக்காதே. உன்னிடம் தொப்பி இருந்தால் உன்னை அபூ தொப்பி என்று கூப்பிடலாம். எது இருக்கிறதோ அதற்கு அபூ, அதற்கு உம்." அவ்வளவுதான் விஷயம். அபூ சம்ரா என்றால் சம்ரா மரம் உள்ள இடம். அபூ தாபி என்றால் மான் உள்ள இடம். உம் பாப் என்றால் வாசல் உள்ள இடம். விசித்திரமாகத் தெரிந்த பெயர் ஒரு நிமிடத்தில் பக்கத்து ஊர்ப் பெயர்போல ஆகிவிட்டது.

அன்றைக்குப் பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே கண்ணால்தான் பலகைகளைப் பார்க்கிறேன். ஊர்ப்பெயர்களை இப்படிப் பிரித்துப் படிப்பதற்குப் பெயரே இருக்கிறது, இடப்பெயர் ஆய்வு. பெரிய படிப்புத்தான், ஆனால் அதன் முதல் படியை ஒரு பஸ் பயணத்துக்குள் யாரும் பழகிக்கொள்ளலாம்.

அந்த முதல் படி இதுதான். பெரும்பாலான ஊர்ப்பெயர்கள் இரண்டு துண்டுகளால் ஆனவை. ஒரு துண்டு அது என்ன மாதிரியான இடம் என்று சொல்லும்: குளமா, குடாவா, துறையா, காடா. இதைப் பொதுக்கூறு என்பார்கள். மற்றத் துண்டு, அந்த மாதிரி இடங்களுக்குள் அது எந்த இடம் என்று சொல்லும். அது சிறப்புக்கூறு. தாழங்குடாவை எடுங்கள். குடா என்பது பொதுக்கூறு, நீர் உள்ளே வளைந்து நுழையும் இடம். எந்தக் குடா? தாழை வளர்ந்த குடா. பாசிக்குடா, கல்குடா, நாவற்குடா, புன்னைக்குடா எல்லாம் அதே அச்சில் வார்த்தவை, முன்பாதிதான் மாறுகிறது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழில் பொதுக்கூறு கடைசியில் வரும், அரபியில் முதலில் வரும். ராஸ் லஃபான், ராஸ் அல் கைமா என்றால் ராஸ்தான் பொதுக்கூறு, தலை என்பது அதன் நேர்ப்பொருள், நிலம் கடலுக்குள் நீட்டிய முனைக்கும் அதே சொல். வாதி என்றால் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. பிர் என்றால் கிணறு. அதனால் பாலைவன வீதியில் பலகையை முன்னாலிருந்து பிரிக்க வேண்டும், நம்முடைய வீதியில் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும். மருதமுனையைப் பார்த்தால் முதலில் 'முனை'யைப் பிடியுங்கள், பிறகு 'மருத'த்துக்கு வாருங்கள்.

சரி, பாலைவனத்தில் எதைப் பெயராக வைப்பார்கள்? மணலைத்தான் வைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. எங்கே பார்த்தாலும் மணல் என்றால் மணலைச் சொல்லி ஒரு இடத்தை இன்னொரு இடத்திலிருந்து பிரிக்க முடியாது. அங்கே பெயர்ப்பலகைகளில் நிறைந்து கிடப்பது தண்ணீர். அமீரகத்தில் அல் ஐன் என்ற நகரம் உண்டு, ஐன் என்றால் ஊற்று. அதே சொல்லுக்குக் கண் என்றும் பொருள். இதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது, நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம். சவூதியின் வடக்கே ஹஃபர் அல் பாதின் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஹஃபர் என்றால் தோண்டியது, பாதின் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் பெயர். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் பழைய பாதையில் தோண்டப்பட்ட கிணறுகள்தான் ஊராயின. கட்டாரில் ரவ்தா என்று தொடங்கும் பெயர்களைக் காணலாம், சல்வா வீதிப் பக்கம் ரவ்தத் ராஷித் இருக்கிறது. ரவ்தா என்பது மழைநீர் வந்து தங்கி, கொஞ்ச நாளைக்குப் புல்லும் செடியும் பச்சையாக நிற்கும் தாழ்வு நிலம். அந்த ரவ்தா என்ற சொல்லின் பன்மைதான் ரியாத். சவூதியின் தலைநகருக்கு ஈர நிலத்தின் பெயர். ஒட்டகத்தோடு நடந்த ஒருவருக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் வெறும் அடையாளமாக இருந்திருக்காது, தாகத்துக்கு வழிகாட்டியாகவே இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான பெயர்களும் உண்டு, இல்லாததைச் சொல்லும் பெயர்கள். அரேபியாவின் தெற்கே கிடக்கும் பெரிய மணற்பரப்பு ருப் அல் காலி, வெறுமையான கால் பகுதி என்று பொருள். சவூதியில் ஹரத்திலிருந்து அமீரக எல்லைப் பக்கம் போகும் வீதி 240 கிலோமீற்றருக்கு மேல் ஒரு வளைவும் இல்லாமல் ஓடுவது இந்த மணற்பரப்பின் ஓரமாகத்தான். ஆனால் அந்த மணலுக்குள்ளே ஒட்டகம் மேய்த்து வாழ்ந்த பதூக்கள் அதை வெறுமை என்று சொல்வதில்லை, ரிமால் என்பார்கள், மணல்கள் என்று. அவுஸ்திரேலியாவின் தெற்கே ஐர் நெடுஞ்சாலை கடக்கும் நல்லபோர் சமவெளியும் இப்படித்தான். பெயரின் ஓசையைக் கேட்டு அது அந்த மண்ணின் ஆதிக்குடிகள் வைத்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது லத்தீன், 'நுல்லுஸ்' என்றால் இல்லை, 'ஆர்போர்' என்றால் மரம். 19ஆம் நூற்றாண்டில் நிலம் அளக்க வந்தவர் வைத்த பெயர். வெளியிலிருந்து வந்தவருக்கு இல்லாதது கண்ணில் படுகிறது, உள்ளே வாழ்பவருக்கு இருப்பது கண்ணில் படுகிறது. ஒரு பெயரைப் பார்த்தால், அதை வைத்தவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேளுங்கள். இடப்பெயர் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் பாலைவன வீதிகளில் வேறு ஒரு வகைப் பெயர் கிடைக்கிறது, யோசித்துச் செய்த பெயர்கள். லொஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகும் 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில், மொஹாவே பாலைவனத்துக்குள் ஒரு திருப்பத்தில் ஸைஸிக்ஸ் வீதி என்று பலகை நிற்கும். ஆங்கிலத்தில் இசட், இசட், வை, இசட், எக்ஸ் என்று ஐந்து எழுத்து, ஒரு உயிரெழுத்துக்கூடச் சரியாக இல்லை. எந்தப் பழங்குடி மொழியோ என்று தோன்றும். 1944இல் கேர்ட்டிஸ் ஹோ ஸ்பிரிங்கர் என்பவர் அங்கே ஒரு சுகவாச விடுதி கட்டி, ஆங்கில அகராதியில் கடைசியாக வரும் சொல் தன் இடத்தின் பெயராக இருக்கவேண்டும் என்று தானே உண்டாக்கிய சொல் அது. 1974இல் அரசாங்கம் அவரை அங்கிருந்து எழுப்பிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அரிசோனாவில் வை என்று ஒரு சின்ன ஊர். இரண்டு வீதிகள் ஆங்கில வை எழுத்துப்போலச் சந்திக்கும் இடம். ஊர்ப்பெயருக்கு மூன்று எழுத்தாவது வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னதால், அதே ஓசையுள்ள, 'ஏன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டார்கள். நியூ மெக்சிகோவில் உண்மை அல்லது பின்விளைவு என்று பொருள்படும் ஒரு ஊர் இருக்கிறது. அது ஒரு வானொலி வினாவிடை நிகழ்ச்சியின் பெயர். பெயரை மாற்றிக்கொள்ளும் ஊரிலிருந்து நிகழ்ச்சியை நடத்துவோம் என்று அறிவித்தார்கள், 1950இல் அந்த ஊர் மாற்றிக்கொண்டது.

இவற்றைச் சும்மா வேடிக்கைப் பெயர் என்று நானும் கடந்து போயிருப்பேன். ஆனால் பழைய பெயர்களைத் தேடிப் பார்த்தபோது நின்றுவிட்டேன். ஸைஸிக்ஸுக்கு முன்பு அந்த இடத்தின் பெயர் சோடா ஊற்று. அந்த வானொலி ஊரின் பழைய பெயர் வெந்நீர் ஊற்று. இரண்டு விசித்திரப் பெயர்களுக்கும் அடியில் தண்ணீர் கிடந்திருக்கிறது! பாலைவனத்தில் ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒரே செய்தியைப் பழைய பெயர் சொல்லிக்கொண்டிருந்தது, புதுப் பெயர் அதை மூடிவிட்டது. அதனால் ஒரு பெயர் மிகவும் வினோதமாக இருந்தால், அதற்கு முன்னால் அங்கே என்ன பெயர் இருந்தது என்று பாருங்கள்.

இனி நம்முடைய வீதிக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக வந்து கரையோரமாக மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதி. பாலைவனம் இல்லை, தண்ணீர் நடுவே ஓடும் வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியோ வயலோ. ஆனால் இங்கேயும் பெயர்களில் நிறைந்து கிடப்பது தண்ணீர்தான், அங்கே எங்கே குடிக்கலாம் என்ற கவலை, இங்கே எங்கே கால் வைக்கலாம், எங்கே தோணி கட்டலாம் என்ற கவலை.

பொத்துவில், தம்பிலுவில், ஒலுவில், எருவில். பிள்ளைகளிடம் கேட்டால் அம்பும் வில்லும் என்பார்கள், சில பெரியவர்களும் அப்படியே கதை சொல்வார்கள். இந்த வில் அந்த வில் இல்லை. வில்லு என்பது மழைக்கு நிரம்பி, கோடையில் ஒடுங்கும் இயற்கையான நீர்நிலை, வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் வில்லுகள் போல. சிங்களத்திலும் வில என்றால் நீர்நிலை. இப்போது அந்த நாலு பெயரையும் மறுபடி சொல்லிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் ஆம்பல் பூத்து நிற்கும். பழுகாமம், இறக்காமம் என்பவற்றில் வரும் காமம் என்பதும் அப்படியே, கிராமம் என்ற சொல்லின் தேய்ந்த வடிவம், சிங்களத்தில் கம என்று நிற்பதும் அதுதான். வாழைச்சேனையிலும் அட்டாளைச்சேனையிலும் இருப்பது காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்த சேனை. அட்டாளை என்றால் உயரமான காவற்பரண், யானையும் பன்றியும் வரும் சேனைக்கு அது இல்லாமல் முடியாது.

தீவு என்று முடிகிற ஊர்களில் பலர் தடுக்கி விழுவார்கள். காரைதீவுக்குப் பஸ்ஸில்தானே போகிறோம், பிறகென்ன தீவு? தேற்றாத்தீவுக்கும் தோணி ஏறத் தேவையில்லை. மார்கழி மழை அடித்து ஊற்றும் கிழமையில் போய்ப் பாருங்கள். மேற்கே வாவியும் வயலும் ஒன்றாகி வெள்ளமாகக் கிடக்கும், கிழக்கே கடல், நடுவே கொஞ்ச மேட்டு நிலம். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தேற்றா என்பது மரம், அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் தண்ணீர் தெளியும். அந்த மரம் நின்ற மேட்டுக்கு அதன் பெயரே வந்ததில் ஆச்சரியம் இல்லை. மட்டக்களப்பு நகரத்தின் நடுவில் இருக்கும் புளியந்தீவு மட்டும் இன்றைக்கும் மெய்யான தீவுதான், பாலங்களால் கரையோடு கட்டியிருக்கிறது.

எனக்கு இந்த வீதியிலேயே பிடித்த பெயர் சாய்ந்தமருது. இதில் பொதுக்கூறும் இல்லை, ஊர், குடி, துறை எதுவும் இல்லை, ஒரு மரமும் அதன் நிலையும் மட்டும். மருதமரம் நீர்க்கரையில் நிற்கும் மரம், வெண்மையான வழவழப்பான பட்டை, தூரத்திலேயே தெரியும், கரை அரிந்தால் தண்ணீர்ப் பக்கம் சாயும். ஒரு சாய்ந்த மரத்தை எல்லோரும் அடையாளமாகச் சொல்லிச் சொல்லியே அது ஊராகிவிட்டது. "எங்க போறாய்?" "சாய்ந்த மருதடிக்கு." அவ்வளவு எளிமையான பெயர். பக்கத்தில் மருதமுனையும் அதே மரத்தைச் சொல்கிறது. அபூ சம்ராவில் வேல மரம், இங்கே மருதமரம்.

வைத்தவர் எங்கே நின்றார் என்ற கேள்வியை இங்கே கேட்டால் அழகான விடைகள் வரும். அக்கரைப்பற்று என்ற பெயரை வைத்தவர் நிச்சயமாக இக்கரையில்தான் நின்றிருக்கிறார். பற்று என்பது பழைய நிர்வாகப் பிரிவு, மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று இன்றைக்கும் பிரதேச செயலகப் பலகைகளில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். தோணியில் வாவியின் நடுவே இருக்கிறவர் தலையை இரண்டு பக்கமும் திருப்பி வைத்த பெயர் போலவே எனக்குத் தோன்றும்.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை சொல்லவேண்டும். ஒன்று, ஓசையை மட்டும் வைத்துக் கதை கட்டக்கூடாது. வந்தாறுமூலை என்றால் யாரோ வந்து ஆறிய மூலை என்பார்கள், கேட்க இனிமையாக இருக்கும், ஊர்க்கதையாக அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆதாரமாக வைக்க முடியாது. பழைய எழுத்திலே எப்படி இருந்தது, அயலில் அதே மாதிரிப் பெயர்கள் உண்டா, நிலம் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். மட்டக்களப்புக்கே விளக்கங்கள் பல. களப்பு என்றால் கடலோர வாவி. மட்டமான களப்பு என்பார்கள், சிங்களத்தில் மட என்றால் சேறு, ஆகவே சேற்றுக் களப்பு என்பார்கள். முன்பாதியில் சண்டை நடந்தாலும் பின்பாதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை, களப்பு களப்புத்தான். அதனால்தான் பொதுக்கூறிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

மற்றது எழுத்து. ஆங்கில எழுத்துக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். கைத்தொலைபேசி வரைபடத்தில் ஆங்கிலத்தில் கல்லாறு என்று இருப்பதைப் பார்த்துக் கள்ளாறு என்று தமிழில் எழுதியிருந்த ஒரு கல்யாண அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கே வந்தது. கல் கள்ளாகிவிட்டது. என் மாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன கா இது, கள்ளு ஓடுற ஆறா?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பு இல்லை, அவர் பிறந்த ஊர் அது. பெயர் மாறுவதும் நடக்கும். ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை என்பது ஈர நிலத்தில் படரும் நாலிலைக் கீரை, பற்றை என்றால் புதர். பதி என்ற புதுப் பாதிக்கு ஊர் என்று மட்டுமே பொருள். நல்லவேளை, ஆரை தப்பிவிட்டது.

பழகிப் பார்க்கப் பெரிய பெயர்கள் தேவையில்லை. வயலுக்குள் ஒவ்வொரு வட்டைக்கும் கண்டத்துக்கும், அதாவது ஒவ்வொரு வயற்பிரிவுக்கும், பெயர் இருக்கிறது, வாவிக்குள் தோணிக்காரருக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன, இவை எந்த வரைபடத்திலும் இல்லை. வயதான ஒரு போடியாரிடமோ (வயற்சொந்தக்காரரிடமோ) மீன்பிடிக்கிற மாமாவிடமோ ஒரு பின்னேரம் உட்கார்ந்து கேட்டால் ஐம்பது பெயராவது வரும். கேட்கும்போது அவர் சொல்கிற ஓசையிலேயே எழுதுங்கள், திருத்தி எழுதவேண்டாம்.

அந்தச் சூடான் நண்பரோடு இன்றைக்கும் வாட்ஸப்பில் கதைப்பேன். போன மாதம், உன் ஊரின் பெயருக்கு என்ன கருத்து, இத்தனை வருடமாக நீ எனக்குச் சொல்லவே இல்லையே என்று கேட்டார். கல் என்றால் ஹஜர், முனை என்றால் ராஸ் என்று குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய பதில் வந்தது, பின்னால் லொறி இரையும் சத்தத்தோடு, சொற்களை முன்பின்னாக மாற்றி, நிறுத்தி நிறுத்தி: "ராஸ் அல் ஹஜர். சதீக், நீ ராஸ் அல் ஹஜர்காரனா?"